காரீயக் குழாயும் கறார் வாத்தியாரும்

பிளம்பர், பிளம்பர்னு வாய் நிறையக் கூப்பிடுறோமே, அந்த வார்த்தை எங்கிருந்து வந்ததுன்னு யோசிச்சிருக்கீங்களா? லத்தீன் மொழியில் காரீயத்துக்குப் பேரு 'பிளம்பம்'. ரோமாபுரிக்காரங்க தண்ணிக் குழாயைக் காரீயத்துல செஞ்சாங்க. அந்த வேலை பாத்தவங்களோட பேருதான் இன்னிக்கு நம்ம வீட்டு சிங்க் அடைப்பு எடுக்க வர்றவர் வரைக்கும் தொடருது.

இதுல வேடிக்கை என்னன்னா, காரீயம் உடம்புக்கு ஆகாதுங்கிறது ரோமாபுரியிலேயே தெரியும். கிமு முதல் நூற்றாண்டில் வாழ்ந்த விட்ருவியஸ் என்கிற கட்டடக்கலை நிபுணர், மண் குழாயில் வர்ற தண்ணிதான் நல்லது, காரீயக் குழாய்த் தண்ணி கெடுதல், சந்தேகமிருந்தா காரீய வேலை செய்றவங்க முகம் எப்படி வெளிறிக் கிடக்குன்னு பாருங்கன்னு எழுதி வெச்சிட்டுப் போயிருக்கார். அதுக்கப்புறம் ரெண்டாயிரம் வருஷம் கழிச்சுத்தான், 1986-ல, அமெரிக்கா குடிதண்ணிக்குப் புதுசா காரீயக் குழாய் போடக் கூடாதுன்னு சட்டம் கொண்டு வந்தது. சிகாகோ நகரத்துல இன்னும் ஒரு படி மேல. அந்த வருஷம் வரைக்கும் மெயின் பைப்பிலிருந்து வீட்டுக்குப் போற இணைப்பைக் காரீயத்துலதான் போடணும்னு நகராட்சி விதியே இருந்தது!

(ஒரு சின்ன இடைச்செருகல்: ஈயச் சொம்பு ரசம், பாத்திரத்துக்கு ஈயம் பூசுறது எல்லாம் வெள்ளீயம். அது வேற உலோகம். நாம பேசப்போறது காரீயம். பாட்டியம்மாக்கள் கோவிச்சுக்க வேண்டாம் :-))

சரி, மேட்டருக்கு வருவோம். இந்தப் பதிவு ஒரு சுற்றுச்சூழல் பொறியியல் பேராசிரியரைப் பத்தினது. பேரு மார்க் எட்வர்ட்ஸ். அமெரிக்காவுல வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துல வாத்தியார். குடிதண்ணி குழாய்க்குள்ள என்ன நடக்குதுங்கிறதுதான் அவரோட ஆராய்ச்சி. கேக்குறதுக்கு ரொம்ப மொக்கையா இருக்குல்ல? நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். ஆனா இந்த மனுஷன் பத்து வருஷ இடைவெளியில் ரெண்டு நகரங்கள்ல அரசாங்கத்தோட அறிக்கைகளை எதிர்த்து நின்னு, ரெண்டு தடவையும் சரின்னு நிரூபிச்சிருக்கார். நம்மள மாதிரி பொட்டி தட்டுறவங்களுக்கு இதுல பாடம் நிறைய இருக்கு.

செப்புக் குழாயில் ஊசி ஓட்டை

எட்வர்ட்ஸ் ஆரம்பத்துல காரீயத்து ஆள் இல்ல, செம்பு ஆள். 1991-ல வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல முனைவர் பட்டம் வாங்கிட்டு, 1997-ல வர்ஜீனியா டெக்ல சேர்ந்தார். செப்புக் குழாய்கள்ல திடீர் திடீர்னு ஊசி முனை அளவுக்கு ஓட்டை விழுந்து சுவரெல்லாம் ஒழுகும். அது ஏன்னு ஆராய்றதுதான் அவர் வேலை. 2003-ல வாஷிங்டன் டிசி நகரத்துல இந்த ஓட்டைப் பிரச்சனை அதிகமாச்சுன்னு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையோட (இனிமே ஈபிஏன்னே சொல்றேன்) துணை ஒப்பந்தத்துல அவரைக் கூப்பிட்டாங்க. போன இடத்துல கையோட காரீயத்தையும் அளந்து பாத்தார். கருவி காட்டக்கூடிய உச்ச அளவையே தாண்டி முள் போய் நின்னுச்சு. நீர்த்துப் பாத்தாலும் அதே கதை.

அளவுக்கு ஒரு வரையறை வேணுமே. 1991-ல வந்த விதிப்படி, ஒரு நகரத்துல சோதிச்ச வீடுகள்ல பத்துல ஒரு பங்குக்கு மேல காரீயம் 15 பிபிபி-யைத் தாண்டினா, நிர்வாகம் நடவடிக்கை எடுக்கணும். பிபிபின்னா நூறு கோடியில் ஒரு பங்கு. ஒரு லிட்டர் தண்ணில ஒரு மைக்ரோகிராம்னு வெச்சுக்கலாம். குழாயை ஆறு மணி நேரமாவது திறக்காம வெச்சிருந்து, முதல்ல வர்ற ஒரு லிட்டரைப் பிடிச்சுச் சோதிக்கணும். இந்த "பத்துல ஒண்ணு" கணக்கையும் "முதல் லிட்டர்" கணக்கையும் மனசுல வெச்சுக்கோங்க. பின்னாடி ரெண்டுமே வருது.

ஒரு பக்கைச் சரி பண்ணப் போய்...

வாஷிங்டன்ல காரீயக் குழாய்கள் பல காலமா மண்ணுக்குள்ள கிடந்தவைதான். அப்புறம் திடீர்னு ஏன் தண்ணில காரீயம் ஏறுச்சு? இங்கதான் கதை நமக்குப் பழக்கமான ஏரியாவுக்குள்ள வருது.

தண்ணில கிருமியைக் கொல்லக் குளோரின் போடுவாங்க. 1974-ல ராட்டர்டாம் நகரத்துல யோஹான்னஸ் ரூக் என்கிற வேதியியலாளர், இந்தக் குளோரின் ஆத்துத் தண்ணில இருக்கிற மக்குப் பொருளோட சேர்ந்து டிரைஹாலோமீத்தேன்கிற சமாச்சாரங்களை உண்டாக்குதுன்னு கண்டுபிடிச்சுச் சொன்னார். இதுல புற்றுநோய் சந்தேகம் இருக்கு. அதனால 1998-ல ஈபிஏ இதுக்கு 80 பிபிபி-ன்னு கறாரான வரம்பு வெச்சது. வரம்புக்குள்ள வர்றதுக்கு ஒரு சுலப வழி, குளோரினுக்குப் பதிலா குளோரமைன் போடுறது. குளோரினோட அம்மோனியாவைச் சேர்த்தா குளோரமைன். அது அவ்வளவு முரட்டுத்தனமா வினை புரியாது. வாஷிங்டன் நகரம் 2000 நவம்பர்ல குளோரமைனுக்கு மாறியது. டிரைஹாலோமீத்தேன் குறைஞ்சது. டிக்கெட்டை மூடிட்டாங்க.

ஆனா குழாய்க்குள்ள என்ன ஆச்சு? வருஷக்கணக்கா குளோரின் போட்டுப் போட்டு, காரீயக் குழாயோட உள்சுவர்ல லெட் டை ஆக்ஸைடுன்னு ஒரு பொருக்கு படிஞ்சிருந்தது. அது தண்ணில கரையாது. தண்ணிக்கும் காரீயத்துக்கும் நடுவுல ஒரு கவசம் மாதிரி இருந்தது. யாரும் திட்டமிட்டுப் பூசின கவசம் இல்ல, தானா அமைஞ்சது. குளோரின் இருக்கிற வரைக்கும்தான் அது நிலைச்சு நிக்கும். குளோரினை எடுத்துட்டுக் குளோரமைனைப் போட்டதும், பொருக்கு கரையக்கூடிய வேற காரீயச் சேர்மமா மாறித் தண்ணில கலக்க ஆரம்பிச்சது.

யாரும் டாக்குமெண்ட் பண்ணாத ஒரு டிபென்டென்சி. ஒரு மாட்யூல்ல பக் ஃபிக்ஸ் பண்ணிட்டு நேரா புரொடக்‌ஷன்ல ஏத்திட்டாங்க. டிரைஹாலோமீத்தேனுக்கான டெஸ்ட் கேஸ் எல்லாம் பாஸ். காரீயத்துக்கு ரிக்ரஷன் டெஸ்ட் எழுதவே இல்ல. இதுவரைக்கும் நடந்தது அறியாமைன்னு மன்னிச்சு விடலாம். வேதியியல்ல இப்படி நடக்கும்னு அப்போ ரொம்பப் பேருக்குத் தெரியாது. மன்னிக்க முடியாதது அதுக்கப்புறம் நடந்ததுதான்.

தெரிஞ்சும் தெரியாமலும்

2001 ஜூலையிலிருந்து 2002 ஜூன் வரைக்கும் எடுத்த மாதிரிகள்ல, நான் மேல சொன்ன "பத்துல ஒண்ணு" அளவு 75 பிபிபி வந்தது. வரம்பைப் போல அஞ்சு மடங்கு. 2003-ல ஆறாயிரத்துக்கு மேல வீடுகளைச் சோதிச்சப்போ, மூணுல ரெண்டு பங்கு வீடுகள் 15-ஐத் தாண்டிடுச்சு. சில வீடுகள்ல 300-க்கும் மேல. ஆனா ஊர் மக்களுக்கு இதன் தீவிரம் புரியுற மாதிரி யாரும் சொல்லல. 2004 ஜனவரி 31-ஆம் தேதி வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை முதல் பக்கத்துல போட்டப்புறம்தான் நகரமே அலறிச்சு. அமெரிக்க நாடாளுமன்றம் இருக்கிற ஊருங்க அது!

அதுக்கு முன்னாடியே எட்வர்ட்ஸ் இன்னொரு விஷயத்தைக் கண்டுபிடிச்சிருந்தார். காரீயம் இருந்தா குழாயைக் கொஞ்ச நேரம் திறந்து விட்டுட்டு அப்புறம் பிடிச்சுக் குடிங்கங்கிறதுதான் அப்போ குடுத்த அறிவுரை. முதல் லிட்டர்தான் மோசம்கிற நினைப்பு. எட்வர்ட்ஸ் ஒவ்வொரு லிட்டரா பிடிச்சுச் சோதிச்சுப் பாத்தா, பல வீடுகள்ல முதல் லிட்டரை விட அதுக்கப்புறம் வர்ற தண்ணிலதான் காரீயம் கூட! யோசிச்சா லாஜிக் சுலபம். முதல் லிட்டர் சமையலறைக்குள்ள இருக்கிற குழாய்ல நின்ன தண்ணி. அதைத் திறந்து விட்டா, தெருவிலிருந்து வீட்டுக்கு வர்ற காரீய இணைப்புல ராத்திரி பூரா ஊறின தண்ணி அப்பதான் வந்து சேரும். அதாவது, அறிவுரையை ஒழுங்கா கேட்டவங்கதான் சரியா அந்த நேரத்துல டம்ளரை நீட்டியிருக்காங்க.

இதைச் சொன்னதுக்கு நன்றி கிடைக்கல. ஈபிஏ துணை ஒப்பந்தம் நின்னு போச்சு. எட்வர்ட்ஸ் நிறுத்தல. சொந்தக் காசைப் போட்டு மாணவர்களுக்குச் சம்பளம் குடுத்து ஆய்வைத் தொடர்ந்தார்.

2004 ஆகஸ்ட்ல நகரத் தண்ணில ஆர்த்தோபாஸ்பேட் சேர்க்க ஆரம்பிச்சாங்க. அது குழாயின் உள்சுவர்ல கரையாத காரீய பாஸ்பேட் படலத்தை உண்டாக்கும். கொஞ்ச காலத்துல அளவு குறைஞ்சது. தண்ணிப் பிரச்சனை ஒருவழியா அடங்கிச்சு. ஆனா நடுவுல போன மூணு வருஷத்துல குழந்தைகளுக்கு என்ன ஆச்சுங்கிற கேள்வி அப்படியே நின்னுச்சு.

201 பேர் ரத்தம்

காரீயம் பெரியவங்களை விடக் குழந்தைகளைத்தான் அதிகம் பாதிக்கும். மூளை வளர்ற வயசுல அது நரம்பு மண்டலத்துல வேலையைக் காட்டும். கவனம், கற்றல் திறன் எல்லாம் அடிவாங்கும். அந்தப் பாதிப்பைத் திரும்ப எடுக்க முடியாது. பால் பவுடரைக் குழாய்த் தண்ணில கலக்கிக் குடிக்கிற கைக்குழந்தைக்கு ஆபத்து ரொம்ப அதிகம், ஏன்னா அதோட சாப்பாடே அந்தத் தண்ணிதான்.

2004 ஏப்ரல்ல அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் (சிடிசி) ஒரு அறிக்கை விட்டது. 300 பிபிபி-க்கு மேல காரீயம் இருந்த வீடுகள்ல வசிக்கிற 201 பேருக்கு ரத்தப் பரிசோதனை செஞ்சோம், ஒருத்தருக்குக் கூட கவலைப்படுற அளவுக்கு ரத்தத்துல காரீயம் இல்லங்கிறது அதன் சாரம். அப்பாடான்னு எல்லாரும் மூச்சு விட்டாங்க. வேற ஊர்கள்லயும், தண்ணில காரீயம் இருந்தா பெரிசா ஒண்ணும் ஆயிடாதுன்னு சொல்றதுக்கு இந்த அறிக்கை கைகொடுத்தது.

எட்வர்ட்ஸுக்கு நம்பிக்கை வரல. அவரோட கேள்வி ரொம்ப எளிமையானது. அந்த 201 பேர்கிட்ட ரத்தம் எடுத்தது எப்போ? பத்திரிகைல செய்தி வந்து ஊரே பயந்து போனதுக்கு அப்புறம். அதுல நிறையப் பேர் அதுக்கு எவ்வளவோ முன்னாடியே பாட்டில் தண்ணிக்கோ ஃபில்டருக்கோ மாறிட்டவங்க. ரத்தத்துல கலந்த காரீயம் சுமார் ஒரு மாசத்துல பாதியா குறைஞ்சிடும், மிச்சம் எலும்புல போய் உக்காந்துக்கும். அப்போ நாலஞ்சு மாசம் கழிச்சு ரத்தத்தை எடுத்துட்டு ஒண்ணும் இல்லன்னா என்ன அர்த்தம்? சர்வர் கிராஷ் ஆகி ரீஸ்டார்ட் பண்ணப்புறம் மெமரியைப் பாத்துட்டு, எல்லாம் நார்மலா இருக்கே, என்ன பிரச்சனைன்னு கேக்குற மாதிரிதான்.

பல வருஷம் தகவல் கேட்டு மனு மேல மனு போட்டார். நம்ம ஊர் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மாதிரி அங்கேயும் ஒரு சட்டம் இருக்கு. கடைசியா வாஷிங்டன் குழந்தைகள் மருத்துவமனையோட ரத்தப் பரிசோதனைத் தரவுகளை வெச்சு, சிமோனி திரியாந்தஃபிலிடோ, டாக்டர் டானா பெஸ்ட் இவங்களோட சேர்ந்து 2009-ல ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஒண்ணேகால் வயசுக்கும் கொஞ்சம் கூட வரைக்குமான குழந்தைகள்ல, ரத்தத்துல காரீயம் ஒரு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமோ அதுக்கு மேலயோ இருந்தவங்க விகிதம், 2000-ஆம் வருஷத்தோட ஒப்பிட்டா 2001-2003 காலத்துல நாலு மடங்குக்கும் மேல ஏறியிருந்தது. எங்க தண்ணில காரீயம் அதிகமோ அங்கதான் ரத்தத்துலயும் அதிகம்.

2010 மே மாசம் நாடாளுமன்ற துணைக்குழு ஒண்ணு விசாரிச்சு அறிக்கை வெச்சது. 2003-க்கான பல ஆயிரம் ரத்தப் பரிசோதனை முடிவுகள் காணாமப் போன நிலையில்தான் சிடிசி முடிவெழுதியிருக்கு, தரவு குறையுள்ளதுன்னு தெரிஞ்சே எழுதியிருக்குன்னு அதுல சொன்னாங்க. ஆறு வருஷம் ஆச்சு. 2001-ல பிறந்த குழந்தை அதுக்குள்ள மூணாவது நாலாவது கிளாஸ் போயிருக்கும்.

இன்னொரு கொடுமையும் நடந்தது. நகர நிர்வாகம் பல கோடி டாலர் செலவு பண்ணிக் காரீயக் குழாய்களை மாத்துச்சு. ஆனா தெருப் பக்கம் இருக்கிற, அரசாங்கத்துக்குச் சொந்தமான பாதியை மட்டும். வீட்டுப் பக்கம் இருக்கிற பாதி வீட்டுக்காரர் பாடு. புது செம்பையும் பழைய காரீயத்தையும் ஒட்டினா என்ன ஆகும்? ரெண்டு வேற வேற உலோகம், நடுவுல தண்ணி. பள்ளிக்கூடத்துல படிச்ச மின்கலம்! காரீயம் இன்னும் வேகமா அரிக்கும். குழாயை வெட்டுற அதிர்ச்சியில் பழைய பொருக்கும் உதிரும். பாதி மாத்தின வீட்டுக் குழந்தைகளுக்கு ஆபத்து குறையலன்னு பின்னாடி சிடிசி ஆய்வே சொல்லிச்சு.

பிளின்ட்: அதே படம், வேற ஊர்

இத்தனை நடந்தப்புறம் இனி எங்கேயும் இப்படி ஆகாதுன்னுதானே நினைப்போம்? மிச்சிகன் மாநிலத்துல பிளின்ட்னு ஒரு நகரம். ஒரு காலத்துல கார் கம்பெனியால செழிப்பா இருந்து, அப்புறம் நொடிஞ்சு போன ஊர். நிர்வாகமே திவால் நிலைக்குப் போனதால, மாநில அரசு நியமிச்ச நெருக்கடி மேலாளர் கையில் இருந்தது. செலவைக் குறைக்க, டெட்ராய்ட்டிலிருந்து வாங்கிட்டிருந்த ஹூரான் ஏரித் தண்ணியை நிறுத்திட்டு, 2014 ஏப்ரல் 25-ல பிளின்ட் ஆத்துத் தண்ணிக்கு மாறினாங்க.

டெட்ராய்ட் தண்ணில ஆர்த்தோபாஸ்பேட் இருந்தது. ஆத்துத் தண்ணில குளோரைடு அதிகம், அரிக்கிற குணமும் அதிகம். அதுல பாஸ்பேட் சேர்க்கவே இல்ல. ஒரு நாளைக்கு நூறு டாலர் கணக்குல முடிஞ்சிருக்க வேண்டிய செலவுன்னு பின்னாடி எட்வர்ட்ஸ் சொன்னார். அந்த ஆண்டு அக்டோபர்லயே, இந்தத் தண்ணி எங்க இன்ஜின் பாகங்களை அரிக்குதுன்னு சொல்லி ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை வேற தண்ணிக்கு மாறிடுச்சு. இரும்புக்கு ஆகாத தண்ணியை ஊர் மக்கள் அதுக்கப்புறமும் ஒரு வருஷம் குடிச்சாங்க.

லீ ஆன் வால்டர்ஸ் என்கிற ஒரு தாய். வீட்டுக் குழாய்ல பழுப்பா தண்ணி வருது, பிள்ளைகளுக்குத் தோல்ல தடிப்பு. 2015 பிப்ரவரியில் சோதிச்சா காரீயம் 104 பிபிபி. அடுத்த மாசம் 397. உங்க வீட்டுக் குழாய்லதான் கோளாறுன்னாங்க. ஆனா அவங்க வீட்டுக்குள்ள இருந்ததெல்லாம் பிளாஸ்டிக் குழாய்! அந்த அம்மா சளைக்காம நகராட்சி ஆவணங்களைத் தோண்டிப் பாத்து, அரிப்புத் தடுப்பு மருந்தே சேர்க்கலன்னு கண்டுபிடிச்சாங்க. ஈபிஏ-வின் சிகாகோ அலுவலகத்துல இருந்த மிகேல் டெல் டோரல் என்கிற அதிகாரிகிட்ட சொல்ல, அவர் எட்வர்ட்ஸுக்குச் சொன்னார். வால்டர்ஸ் வீட்டுத் தண்ணியை எட்வர்ட்ஸ் சோதிச்சப்போ ஒரு மாதிரியில் 13,200 பிபிபி. 5,000-ஐத் தாண்டினாலே அபாயக் கழிவுன்னு வகைப்படுத்துவாங்க.

2015 ஜூன்ல டெல் டோரல் உள்ளுக்குள்ள ஒரு எச்சரிக்கைக் குறிப்பு எழுதினார். மேலதிகாரிகள் அதைக் கண்டுக்கல. ஜூலையில் நகர மேயர் டிவியில் தோன்றி குழாய்த் தண்ணியைக் குடிச்சுக் காட்டினார். (நம்ம ஊர் ஆளுங்க மட்டும்தான் இந்த ஸ்டண்ட் அடிப்பாங்கன்னு நினைக்காதீங்க.)

இப்போ அந்த "பத்துல ஒண்ணு" கணக்கு ஞாபகம் இருக்கா? நகராட்சி அந்த அரையாண்டுல 71 மாதிரி எடுத்திருந்தது. அதை அப்படியே கணக்குப் போட்டா 15-ஐத் தாண்டும். மாநில அதிகாரிகள் ரெண்டு மாதிரியைச் செல்லாதுன்னு நீக்கினாங்க. அதுல ஒண்ணு வால்டர்ஸ் வீட்டு 104. மிச்சம் 69. விடை 11 ஆயிடுச்சு, பாஸ்! அது போதாதுன்னு, மாதிரி எடுக்கிறதுக்கு முந்தின ராத்திரி அஞ்சு நிமிஷம் குழாயைத் திறந்து விடுங்கன்னும் மக்களுக்குச் சொல்லியிருந்தாங்க. குழாயைக் கழுவி விட்டுட்டு மாதிரி எடுத்தா காரீயம் எப்படி வரும்? டெஸ்ட் ஃபெயில் ஆனா, டெஸ்ட்டையே கமெண்ட் அவுட் பண்ணிட்டு பில்டு பச்சைன்னு காட்டுற வேலை.

ஆகஸ்ட்ல எட்வர்ட்ஸ் குழு களத்துல இறங்கிச்சு. சித்தார்த்தா ராய் உள்ளிட்ட ஆய்வு மாணவர்கள், 300 சோதனைப் பெட்டிகளைத் தயார் பண்ணி பிளின்ட்டுக்கு அனுப்பினாங்க. வால்டர்ஸும் ஊர் மக்களும் வீடு வீடா போய்க் குடுத்து, எப்படிப் பிடிக்கணும்னு சொல்லிக் குடுத்து, திரும்ப வாங்கினாங்க. 250-க்கு மேல திரும்பி வந்துச்சு. ஒரு பல்கலைக்கழகம் விடுமுறையில் நடத்துற சர்வேல பாதி வந்தாலே பெரிய விஷயம். இங்க வந்ததுக்குக் காரணம், மக்களுக்கு அது சர்வே இல்ல. விடை சுமார் 27 பிபிபி. அரசாங்கம் சொன்ன 11 எங்க, இது எங்க?

இந்தத் தடவை எட்வர்ட்ஸ் ஆறு வருஷம் காத்திருக்கல. ஆய்வேட்டில் அச்சாகிற வரைக்கும் பொத்தி வைக்காம, முடிவுகளை அப்பப்போ இணையத்துலயே போட்டாங்க. செப்டம்பர் 24-ஆம் தேதி, உள்ளூர் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷா தன் மருத்துவமனைத் தரவுகளோட பத்திரிகையாளர்களைச் சந்திச்சார். தண்ணி மாறினப்புறம் ரத்தத்துல காரீயம் கூடுதலா இருக்கிற, அஞ்சு வயசுக்குக் கீழான குழந்தைகளோட விகிதம் 2.4 சதவீதத்திலிருந்து 4.9 சதவீதமா ஏறியிருந்ததுன்னு அவங்க ஆய்வுக் கட்டுரை பின்னாடி பதிவு பண்ணிச்சு. முதல்ல மறுத்த மாநில அரசு, சில நாள்ல பணிஞ்சது. அக்டோபர் 16-ல நகரம் மறுபடி டெட்ராய்ட் தண்ணிக்குத் திரும்புச்சு. 2016 ஜனவரியில் அதிபர் ஒபாமா நெருக்கடி நிலை அறிவிச்சார். இதுக்கு நடுவுல, அதே ஊர்ல 2014-15-ல லீஜியோனேர் நிமோனியா பரவி 12 பேர் செத்துப் போனது தனிக்கதை.

ஹீரோ கதை இல்ல

இங்கேயே நிறுத்தினா தலைவர் படம் மாதிரி இருக்கும். ஆனா வரலாறு அப்படி விடாது. தண்ணி திரும்பினப்புறம் அரிப்புத் தடுப்பு வேலை செஞ்சு அளவு குறைய ஆரம்பிச்சது. எட்வர்ட்ஸ் சோதிச்சுட்டு, நிலைமை முன்னேறுதுன்னு சொன்னார். ரெண்டு வருஷமா பொய் கேட்டு நொந்த மக்கள்ல ஒரு பகுதியினர் அதை நம்பத் தயாரா இல்ல. நீயும் அவங்க பக்கம் போயிட்டியான்னு கோபம். 2018-ல ஊர்க்காரங்களும் செயல்பாட்டாளர்களும் அவரைக் கண்டிச்சுப் பகிரங்கக் கடிதம் எழுதினாங்க. அவர் மூணு பேர் மேல அவதூறு வழக்குப் போட்டார். 2019-ல நீதிமன்றம் அதைத் தள்ளுபடி பண்ணிடுச்சு. முன்னாடி ஒரே பக்கம் நின்னவங்க நீதிமன்றத்துல எதிரெதிரா.

அந்த வழக்கைப் போட்டிருக்கக் கூடாதுங்கிறது என் கருத்து. அறிக்கையைக் கேள்வி கேக்குற உரிமையை வெச்சு வளர்ந்தவர், தன்னைக் கேள்வி கேட்டவங்களைக் கோர்ட்டுக்கு இழுத்தது சரியில்ல. ஆனா, அளந்து பாத்தப்போ அளவு குறைஞ்சிருந்தா குறைஞ்சிருக்குன்னுதானே சொல்லணும்? கூடினப்போ சொன்ன அதே வாய்தான் இப்பவும் சொல்லுது. இந்த ரெண்டையும் சேர்த்து வெச்சுதான் அவரைப் பாக்கணும்னு தோணுது. அந்த ஊர் மக்கள் மேலயும் தப்புச் சொல்ல முடியல. குழாய்ல படிஞ்ச பொருக்கை பாஸ்பேட் போட்டு ஒரு வருஷத்துல சரி பண்ணலாம், நம்பிக்கைக்கு அப்படி ஒரு பாஸ்பேட் கிடையாதே.

நம்ம இன்ஜினியரிங் பாடத்திட்டத்துல 'புரொஃபஷனல் எத்திக்ஸ்'னு ஒரு பேப்பர் வருமே, நிறையப் பேர் கடைசி ராத்திரி படிச்சுப் பாஸ் பண்ணியிருப்போம். சேலஞ்சர் விண்கலம், போபால், செர்னோபில் எல்லாம் அதுல வரும். எல்லாமே திடீர்னு நடந்த பெரிய விபத்துகள். வாஷிங்டனும் பிளின்ட்டும் வெடிக்கல. யாரோ ஒரு அதிகாரி ஒரு எக்செல் ஷீட்டுல ரெண்டு வரியை நீக்கினார், அவ்வளவுதான். அப்படி நீக்கச் சொல்லி மேலிருந்து ஒரு மெயில் வந்தா நாம என்ன பண்ணுவோம்? அந்தப் பேப்பர்ல கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்னு நினைக்கிறேன். டெல் டோரல் ஒரு சாதாரண அரசாங்க ஊழியர். வேலை போகலாம்னு தெரிஞ்சும் குறிப்பை எழுதி வெச்சார். அந்தக் காகிதம் இல்லன்னா எட்வர்ட்ஸ் வந்திருப்பாரான்னே சந்தேகம்.

அப்புறம் என்ன ஆச்சு? பிளின்ட் மக்களுக்கு 62.6 கோடி டாலர் இழப்பீட்டுக்கு 2021 நவம்பர்ல நீதிமன்றம் ஒப்புதல் குடுத்தது. 2024 அக்டோபர்ல ஈபிஏ, நாடு முழுக்கக் காரீய இணைப்புக் குழாய்களைப் பத்து வருஷத்துல மாத்தணும்னும், அந்த 15 பிபிபி-யை 10 ஆக்கணும்னும் விதி கொண்டு வந்தது. பிளின்ட்ல சுமார் 11,000 குழாய்களைத் தோண்டி எடுத்து மாத்தி முடிச்சாச்சுன்னு 2025 ஜூலையில் மாநில அரசு சொன்னது. தண்ணியை மாத்தின நாளிலிருந்து கணக்குப் போட்டா பதினோரு வருஷம்.

கொசுறு: எட்வர்ட்ஸுக்கு 2007-ல மெக்கார்தர் ஃபெலோஷிப் கிடைச்சது. அமெரிக்காவுல 'ஜீனியஸ் விருது'ன்னு செல்லமா சொல்வாங்க. அஞ்சு லட்சம் டாலர். சொந்தக் காசைக் கரைச்சு ஆய்வு பண்ணிட்டிருந்தவருக்கு அது சரியான நேரத்துல வந்த மழை.

உங்க ஊர்த் தண்ணியை யார் சோதிக்கிறாங்க, எந்தக் குழாய்ல எப்போ பிடிக்கிறாங்க, அந்த முடிவு எங்க ஒட்டியிருக்கும்னு யாருக்காவது தெரிஞ்சா பின்னூட்டத்துல சொல்லுங்க. முடிஞ்சா அதையும் சேர்த்து இன்னொரு பதிவு போட்டுடலாம்.